ஐப்பசி வரை காத்திருந்த லேப்டாப்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அவற்றுக்கு 'கவர்மென்ட் லேப்டாப்' என்றே பெயர். பிளஸ் டூ படித்த பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்கு வெளியூர் போன பிறகும் லேப்டாப் வீட்டிலேயே தங்கிவிட்டது. பட்டா, சிட்டா, அடங்கல் எடுக்க, பயிர்க் காப்பீட்டு விவரம் பார்க்க, கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்ய என்று அதற்கு இன்றும் வேலை இருக்கிறது.

ஆனால் அதைத் தொடுவதற்கே பலருக்குத் தயக்கம். "ஆன் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு" என்பார்கள். பொத்தானை அழுத்திவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். பிராசசர் பழசாகிவிட்டது, தலைமுழுக வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி முடிவு கட்டும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் 10 போட்ட மெஷினில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் அது. தவழ்ந்துகொண்டிருக்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: சிபியு 9 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. சேமிப்புக் கிடங்கு மூச்சு வாங்குகிறது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இந்தக் கட்டுரையின் கதை முழுவதும் இருக்கிறது.

மூளை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதை உணர, கணினியின் நேரத்தை நம் நேரத்துக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். 2.5 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் வினாடிக்கு 250 கோடி முறை துடிக்கிறது. அந்த ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று நீட்டி வைத்துக்கொள்வோம். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 அன்று காலையில் பிராசசர் ஒரு தகவலைக் கேட்கிறது. அது ராமில், அதாவது கரண்ட் இருக்கும்வரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில் இருந்தால், மூன்று நிமிடத்தில் கையில் வந்துவிடும். எஸ்எஸ்டி என்ற புதிய வகைச் சேமிப்பகத்தில் இருந்தால் மூன்று நாள் ஆகும். விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டி, நாற்றங்காலில் தெளிக்கிற நேரம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால்? குறுவை நட்டு அறுத்தாகிவிடும். தாளடி நட்டு, தை மாசியில் அதுவும் களத்துக்கு வந்துவிடும். ஈரம் காயும் முன் விதைத்த உளுந்தைப் பறித்தாகிவிடும். அணை மறுபடியும் திறந்து அடுத்த குறுவையும் அறுவடையாகி, மறு ஆண்டு ஐப்பசி பிறக்கும்போதுதான் கேட்ட தகவல் வந்து சேரும். ஏறத்தாழ 490 நாள். நிஜத்தில் இது 17 மில்லிவினாடிதான், கண் சிமிட்டுவதைவிடக் குறைவு. ஆனால் விண்டோஸ் எழுந்து உட்கார ஆயிரக்கணக்கான துண்டுத் தகவல்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐப்பசி.

இப்படிச் சொல்வதால் ஹார்ட் டிஸ்க்கைக் குறைத்து எடைபோட்டுவிட வேண்டாம். வன்தட்டு எனப்படும் அந்தப் பெட்டி, மனிதர்கள் செய்து மலிவாக விற்ற இயந்திரங்களில் மிக நுட்பமானவற்றுள் ஒன்று. பழுதான டிஸ்க் ஒன்று கிடைத்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஏழு சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளம், விரல் கனம். உள்ளே கண்ணாடி வட்டத் தகடு ஒன்றோ இரண்டோ இருக்கும். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அதன்மேல் மெல்லிய காந்தப் படலம். லேப்டாப் டிஸ்க்கில் இந்தத் தகடு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து நல்ல சாலையில் பிடிக்கிற வேகம் அது.

அந்தத் தகட்டின் மேல் ஒரு கை நீண்டிருக்கும். கையின் நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு தலை. அந்தத் தலை தகட்டைத் தொடுவதில்லை. சுழலும் தகடு இழுத்துவரும் காற்றே அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். ஒரு தூசு உள்ளே போனால் மோதல்தான். ஆனால் காற்றில்லாமல் தலை மிதக்காது. அதனால் டிஸ்க்கின் முதுகில் குண்டூசித் துளை ஒன்றை விட்டு, உள்ளே வடிகட்டி வைத்து, 'இந்தத் துளையை மூடாதீர்கள்' என்று பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள்.

தகட்டில் தகவல் வட்ட வட்டத் தடங்களாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் பத்தாயிரத்தை ஒட்டிய தடங்கள். பள்ளிப் பை குலுங்கினாலும், ஊர் ரோட்டில் பஸ் தூக்கிப் போட்டாலும், தலை தன் தடத்தைவிட்டு நகரக்கூடாது. இதற்காக ஒவ்வொரு தடத்திலும் தகவலுக்கு நடுநடுவே வழிகாட்டிக் குறிகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். தலை அவற்றைப் படித்துப் படித்து வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை தன்னைத் திருத்திக்கொள்கிறது.

படிப்பது எப்படி? இங்கே குவாண்டம் இயற்பியல் எட்டிப் பார்க்கிறது. தலையில் இரண்டு காந்தப் படலங்கள் இருக்கின்றன. நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு தடுப்பு, ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் கனம். சாதாரண விதிப்படி எலக்ட்ரான் அதைத் தாண்டக்கூடாது. ஆனால் தடுப்பு அவ்வளவு மெல்லியதானால் சில எலக்ட்ரான்கள் மறுபக்கத்தில் தோன்றிவிடுகின்றன. இதைச் சுரங்கப்பாய்வு என்கிறார்கள். தகட்டில் எழுதியிருக்கும் காந்தத்தின் திசை மாறும்போது தாண்டுகிற எலக்ட்ரான்களின் அளவும் மாறுகிறது. அந்த மாற்றம்தான் ஒன்று, சுழியம் என்று படிக்கப்படுகிறது. காந்தப் படலங்களுக்கு நடுவே இது அறை வெப்பநிலையில் வலுவாக நடக்கும் என்று 1995-ல் காட்டியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் எம்ஐடியில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த இயற்பியலாளர் ஜெகதீஷ் மூடேரா. பத்தே ஆண்டில் அது கடையில் விற்கும் டிஸ்க்குக்குள் வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர மனமில்லை. முதல் லேப்டாப்கள் வந்த 2012-ஐ ஒட்டிய காலத்தில் டெல்டாவில் பல மணி நேர மின்வெட்டு. பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் திடீரென்று கரண்ட் போனால் என்ன ஆகும்? தகட்டின் வேகம் குறையும், தூக்கிப் பிடிக்கும் காற்று குறையும், தலை தகட்டின் மேல் விழ வேண்டும். விழுவதில்லை. கரண்ட் போன நொடியில், தகட்டைச் சுழற்றிக்கொண்டிருந்த மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. மிச்சமிருக்கும் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் கையை இழுத்து, தகட்டுக்கு வெளியே உள்ள பிளாஸ்டிக் சரிவில் தலையை ஏற்றி நிறுத்துகிறது. கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன டிஸ்க் தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஓசையை நாம் கேட்டிருக்கிறோம். 'டக்' என்று ஒரு சத்தம்.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும் ஏன் தாமதம்? உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் கருவியை ஐபிஎம் 1956-ல் வெளியிட்டது. ஐம்பது தகடுகள், ஒவ்வொன்றும் இரண்டடிக் குறுக்களவு. எடை ஒரு டன்னுக்கும் மேல். கொள்ளளவு நாலு மெகாபைட்டுக்கும் குறைவு, இன்றைய செல்போன் படம் ஒன்றுகூட முழுதாக அடங்குமா என்பது சந்தேகம். கேட்ட இடத்தைத் தொட அதற்குச் சராசரியாக 600 மில்லிவினாடி ஆனது. முதல் கட்ட கவர்மென்ட் லேப்டாப்பில் இருந்த டிஸ்க் 320 ஜிபி. கொள்ளளவில் 85,000 மடங்கு வளர்ச்சி. ஆனால் தொடும் நேரம் 600-லிருந்து 17-க்கு, வெறும் 35 மடங்குதான் குறைந்தது. எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பொடியாக்கலாம். ஆனால் ஒரு கையைத் தூக்கி நகர்த்தி நிறுத்த 12 மில்லிவினாடி பிடிக்கிறது. கேட்ட இடம் சுழன்று தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவினாடி. எடையுள்ள பொருளை இதற்கு மேல் விரட்ட முடியாது.

சினிமா பார்க்கும்போது இந்தக் குறை தெரியாது. படம் தகட்டில் வரிசையாக இருக்கும், தலை ஒரே தடத்தில் நின்று வினாடிக்கு 80, 100 மெகாபைட் அள்ளித் தரும். விண்டோஸ் எழும்பும்போதுதான் சிக்கல். எழுத்துருக்கள் ஒரு மூலை, டிரைவர்கள் ஒரு மூலை, ஆன்டிவைரஸ் இன்னொரு மூலை. அங்கொன்றும் இங்கொன்றுமாக 20,000 துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். தலா 17 மில்லிவினாடி என்றால் 340 வினாடி, ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதே 20,000 துண்டுகளை எஸ்எஸ்டியிலிருந்து தலா 0.1 மில்லிவினாடியில் எடுத்தால் இரண்டே வினாடி. மீதி நேரம் பிராசசரின் சொந்த வேலைக்கு. மாற்றிய பிறகு இருபது, முப்பது வினாடியில் லேப்டாப் தயாராகிவிடுவது இதனால்தான்.

எஸ்எஸ்டி என்பது திண்மநிலைச் சேமிப்பகம். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாதது. பழைய டிஸ்க்கின் அதே அளவில் வரும் எஸ்எஸ்டியைக் கையில் எடுத்தவுடன் முதலில் தெரிவது அதன் எடையின்மை. திறந்து பார்த்தால் காரணம் புரியும். பெட்டியில் பாதிக்கு மேல் காலி! ஒரு ஓரத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பலகை, அதில் நாலைந்து கறுப்புச் சில்லுகள். அவ்வளவுதான். பழைய டிஸ்க் உட்கார்ந்த குழியில் ஆடாமல் உட்காரவேண்டும் என்பதற்காகவே மீதிப் பெட்டி.

அந்தக் கறுப்புச் சில்லுக்குள் தகவல் எப்படித் தங்குகிறது? கரண்ட்டை நிறுத்தினால் மறந்துவிடுவதுதான் மின்னணுவியலின் இயல்பு. 1967-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். டிரான்சிஸ்டருக்குள் நாலா பக்கமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு தீவை வைத்தார்கள். மிதவை வாயில் என்று இதைச் சொல்லலாம். எந்தக் கம்பியும் அதைத் தொடாது. அதில் எலக்ட்ரான்களை ஏற்றிவிட்டால் வெளியே வர வழியில்லை, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். எலக்ட்ரான் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள்.

வழியே இல்லாத தீவுக்குள் எலக்ட்ரான் எப்படிப் போகும்? மறுபடியும் சுரங்கப்பாய்வு! பழைய டிஸ்க்கின் தலையில் படிப்பதற்கு உதவிய அதே குவாண்டம் விந்தை இங்கே எழுதுவதற்கு உதவுகிறது. தீவைச் சுற்றிய சுவரின் கனம் ஏழெட்டு நானோமீட்டர். சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் சுவரைத் துளைக்காமலே உள்ளே தோன்றிவிடும். திசையை மாற்றிக் கொடுத்தால் வெளியேறிவிடும். லேப்டாப் இந்தப் பெட்டிக்குத் தருவது ஐந்து வோல்ட்தான். சில்லுக்குள் இருக்கும் மின்னேற்றப் பம்பு அதைப் படிப்படியாக ஏற்றி 20 வோல்ட்டுக்குக் கொண்டுபோகிறது. ஒவ்வொரு தீவையும் ஓர் அறை என்று கொண்டால், இதையெல்லாம் கோடிக்கணக்கான அறைகளுக்கு மலிவாகச் செய்யும் அமைப்பை வடிவமைத்தவர் ஜப்பானின் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. அவருடைய குழு 1987-ல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ்தான் இன்று நம் செல்போனிலும் பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் இருப்பது.

ஒரு அறையில் ஒரு பிட், அதாவது ஒன்று அல்லது சுழியம் என்ற ஒரு தகவல்தான் வைக்கலாம் என்று நினைப்போம். பொறியாளர்கள் விடவில்லை. எலக்ட்ரான்களின் அளவை எட்டுப் படிகளாகப் பிரித்தார்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தால் ஒரே அறையில் மூன்று பிட் கிடைத்துவிடும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கணக்கிலோ அதற்கும் குறைவாகவோ எண்ணிவிடக்கூடிய எலக்ட்ரான்கள். அறைக்கு மூன்று பிட் என்று பார்த்தால் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டிக்குள் சுமார் 64,000 கோடி அறைகள். உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் எண்பது அறை!

இத்தனையையும் நகத்தளவு சில்லில் அடைக்க இடம் போதவில்லை. அறைகளைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி, பக்கத்து அறை எலக்ட்ரான் இந்த அறையைக் குழப்பும் அளவுக்குப் போய்விட்டது. அப்போது மேல்நோக்கிக் கட்டத் தொடங்கினார்கள். 2013-ல் சாம்சங் 24 அடுக்குச் சில்லை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இன்று 200 அடுக்கைத் தாண்டிவிட்டார்கள். முதலில் எல்லா அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்துவிட்டு, பிறகு மேலிருந்து கீழ் வரைக்கும் ஆழமான மெல்லிய துளைகளைக் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் அரித்தெடுக்கிறார்கள். துளை ஒவ்வொரு அடுக்கையும் கடக்கும் இடம் ஓர் அறை ஆகிறது.

என்னை மிகவும் கவர்ந்த பகுதிக்கு இப்போதுதான் வருகிறோம். ஃபிளாஷ் நினைவகத்துக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. எழுதுவது 16 கிலோபைட் போன்ற சிறு பக்கங்களாக நடக்கும். ஆனால் அழிப்பதென்றால் ஒரு பக்கத்தை மட்டும் அழிக்க முடியாது. பல மெகாபைட் கொண்ட ஒரு தொகுதியையே அழிக்க வேண்டும். எழுதிய பக்கத்தின் மேலேயே திருத்தி எழுதவும் முடியாது. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் தேயும். ஒரு மூன்று பிட் அறை ஆயிரம், மூவாயிரம் முறைக்கு மேல் தாங்காது. ஆனால் 2012-ன் லேப்டாப்புக்கு இது எதுவுமே தெரியாது. அது கேட்பதெல்லாம் "இத்தனையாவது எண்ணுள்ள இடத்தில் இதை எழுது" என்ற ஒற்றை வாக்கியம். சுழலும் தகட்டை மனதில் வைத்து உருவான பேச்சு அது.

எஸ்எஸ்டி இந்தப் பேச்சைக் கேட்டு, "எழுதிவிட்டேன்" என்று தகட்டைப் போலவே பதில் சொல்கிறது. உள்ளே நடப்பது வேறு. பலகையின் நடுவே உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு தானே ஒரு குட்டிக் கணினி. லேப்டாப் சொன்ன எண்ணுக்கும், தகவல் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் ஒரு கணக்குப் பதிவேட்டை அது வைத்திருக்கிறது. ஒரு ஜிபிக்கு ஒரு மெகாபைட் கணக்கில், 240 ஜிபிக்குப் பதிவேடே 240 மெகாபைட் வரும். நீங்கள் அடங்கல் கோப்பை ஒரே பெயரில் பத்து முறை சேமித்தால், அது பத்து வெவ்வேறு இடங்களில் எழுதப்படும். கடைசி இடம் மட்டும் பதிவேட்டில் செல்லும். எந்தத் தொகுதி எத்தனை முறை தேய்ந்தது என்று எண்ணிக்கொண்டு, தேயாத இடமாகப் பார்த்து எழுதும். லேப்டாப் சும்மா இருக்கும் நேரத்தில், செல்லாத பக்கங்கள் நிறைந்த தொகுதியிலிருந்து செல்லுபடியாகும் பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, தொகுதியைத் துடைத்துத் தயாராக வைக்கும். இந்த மாற்று வேலைக்குக் காலி இடம் வேண்டும். 256 ஜிபி என்ற அளவில் சில்லுகள் வைத்துவிட்டு, 240 மட்டும் நம் கண்ணுக்குக் காட்டுவதன் காரணங்களில் இது ஒன்று.

இந்த மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் எந்தப் பழைய லேப்டாப்பிலும் எஸ்எஸ்டி வேலை செய்யாது. முற்றிலும் வேறு இயற்பியலில் ஓடும் ஒரு பொருள், அரை நூற்றாண்டு பழைய இயந்திரத்தின் நடத்தையைப் பிசகாமல் நடித்துக் காட்டுவதால்தான் லேப்டாப்பில் எதையும் மாற்றாமல் அதை மட்டும் மாற்ற முடிகிறது.

தேய்ந்த அறைகளில் படி குழம்பாதா? குழம்பும். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சில பிட்டுகள் தவறாகத்தான் வருகின்றன. அதைத் திருத்தும் கணிதத்தை ராபர்ட் கேலகர் 1960-ல் எம்ஐடியில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். அன்றைய கணினிகளால் அவ்வளவு கணக்கைப் போட முடியாததால், முப்பது ஆண்டுக்கும் மேல் அந்த ஆய்வைச் சீந்துவாரில்லை. 1990-களில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. இன்று எஸ்எஸ்டியிலும் 5ஜி செல்போனிலும் ஒவ்வொரு நொடியும் அது ஓடுகிறது. யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு ஆய்வேட்டின் பலனை மன்னார்குடியில் ஒரு பழைய லேப்டாப் அனுபவிக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

தேய்ந்துவிடுமே என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மொத்தம் 80 டெராபைட் எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்கிறார் என்று கொள்வோம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், கிட்டத்தட்ட பதினோரு வருஷம். வீட்டு உபயோகத்தில் அதில் பாதிகூட எழுதமாட்டோம்.

மாற்றுவது கடைக்காரருக்கு அரை மணி வேலை. முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுவார். கீழ் மூடியை ஸ்டார் ஸ்குரூடிரைவரால் திறந்தால் பழைய டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் இருக்கும். அதைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இணைப்பிலிருந்து விடுபட்டு வந்துவிடும். சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டி, அதே இடத்தில் தள்ளினால் முடிந்தது. அந்த இணைப்புக்கு சாட்டா என்று பெயர், 2003-லிருந்து வடிவம் மாறவில்லை. தகவல் போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று நாலே கம்பிகளில் முழு விஷயமும் ஓடுகிறது. பழைய மாடல்களில் அது வினாடிக்கு 280 மெகாபைட்டுக்கு மேல் விடாது, புதியதில் 550 வரை போகும். இதைச் சொல்லி "உங்க லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வேஸ்ட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துண்டுத் தகவல்களைத் தொடும் நேரத்தில்தான் உங்கள் நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரம் இரண்டு வகை இணைப்பிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

உள்ளிருப்பதை அப்படியே நகலெடுக்கலாம், குளோன் போடுவது என்பார்கள். பத்து வருஷக் குப்பை சேர்ந்த மெஷினாக இருந்தால் புதிதாக ஓஎஸ், அதாவது இயங்குதளம் போடுவதே நல்லது. குறிப்பாக 2 ஜிபி ராம் உள்ள முதல் கட்ட லேப்டாப்களில், விண்டோஸ் 10-ஐவிட எடை குறைந்த ஒரு லினக்ஸ் நன்றாக ஓடும். ராம் நிரம்பி வழியும்போது ஓஎஸ் மிச்சத்தைச் சேமிப்பகத்தில் இறக்கி ஏற்றும். இதைத் தகட்டில் செய்யும்போதுதான் லேப்டாப் 'ஹேங்' ஆகிறது. எஸ்எஸ்டியில் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். வீடியோ எடிட்டிங் வேகமும் இன்டர்நெட் வேகமும் மட்டும் எஸ்எஸ்டியால் பெரிதாக அதிகரிக்காது. அவை பிராசசரையும் சிக்னலையும் பொறுத்தவை.

2025-ல் அடுத்த கட்ட லேப்டாப்களுக்குத் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது கேட்டதே 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும்தான். கொள்ளளவு 2011-ஐவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். அப்படியும் வேலை பல மடங்கு சுறுசுறுப்பாக நடக்கும்.

கழற்றிய பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். கல்யாண ஆல்பம், காது குத்து வீடியோ, சொத்துப் பத்திர ஸ்கேன் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நகல் இருக்கட்டும். காரணம் இருக்கிறது. தேய்ந்த எஸ்எஸ்டியில் எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும், வெயில் ஏற ஏற வேகமாகக் கசியும். ஆயுள் முழுக்க எழுதித் தீர்த்த எஸ்எஸ்டி, கரண்ட்டே இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் தொழில்துறைத் தரம். நம் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காந்தத்தில் எழுதியது அப்படிக் கசியாது. ஆகவே நகலெடுத்து முடித்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து, உள்ளே சுழற்சி நின்ற பிறகு கேபிளைக் கழற்றி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துப் போட்டுப் படம் திறக்கிறதா என்று பாருங்கள்.